பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு படுக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர், நம் தீயணைப்புப் படையை நடத்தும் டூயி எஸ்டெப் அவர்களே! நமக்காக மன்றாடி முழங்கால் தேய்ந்த போதகர் அவர்களே! சுரங்கத்துக்கு மகன்களைக் கொடுத்து, மாத்திரைக்கு மகன்களைப் பறிகொடுத்து, அப்படியும் இன்று சோளரொட்டி சுட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் தொப்பிக்குள் முகம் மறைத்து நிற்கும் சகோதரர்களே! பள்ளிப் பேருந்து ஓட்டும் வெல்டா ஸ்டில்ட்னரின் வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகள் உங்கள் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவள் நான். என் சொந்தத் தம்பியைக் கொண்டு சேர்க்கத் தெரியாமல் விழித்தவளும் நானே. அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

வெர்னனை அறியாதவர் உண்டா? சுரங்கக் கூரை சரிந்து முதுகு முறிந்தது. முதுகுக்கு வலி மாத்திரை வந்தது. மாத்திரை நின்றபோது போதை ஊசி வந்தது. சிகிச்சைக்கு வரமாட்டேன் என்று ஐந்தாண்டு அடம்பிடித்தவன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் சமையலறையில் வந்து நின்றான். "அக்கா, முடியல. எங்கயாச்சும் கொண்டுபோய்ச் சேத்துடு. இன்னைக்கே."

நான் என்ன செய்தேன்? நீங்கள் செய்வதைத்தான் செய்தேன். பாலத்தைத் தாண்டினேன்! பல் வலியா, பாலத்தைத் தாண்டு. பலசரக்கா, பாலத்தைத் தாண்டு. கல்யாண மோதிரமா, அதற்கும் அக்கரைக் கென்டக்கிதான்! சிரிக்கிறீர்களே, அது வேறு மாநிலம் என்று நம்மில் எவருக்காவது தோன்றியிருக்கிறதா? பத்தே நிமிடத்தில் அங்கே ஒரு மறுவாழ்வு மையத்தின் வாசலில் நின்றோம். மேசையிலிருந்த பெண் வெர்னனின் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. இது மேற்கு வர்ஜீனியா அட்டை. இங்க செல்லாது. உங்க மாநிலத்துக்குள்ளதான் பாக்கணும்."

"பாத்தியாக்கா? எனக்கு எங்கயும் கதவு கெடையாது" என்றான் வெர்னன். திரும்பும்போது பாலத்தின் நடுவே வண்டி மெதுவானதும் இறங்கி நடந்துவிட்டான்.

பத்தொன்பது நாள் தேடினேன் ஐயா, பத்தொன்பது நாள்! இருபதாம் நாள் பெட்ரோல் பங்க் கழிவறையில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். மூக்கில் மருந்தடித்து உயிரைத் திருப்பியவர் இதோ அமர்ந்திருக்கும் டூயி. கண் திறந்ததும் இவரைத்தான் திட்டினான். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "திட்டறதுக்குத் தெம்பு இருக்குல்ல? அப்ப போனைப் புடி!" என்று நம் மாநிலத்தின் போதை மீட்பு உதவி எண்ணை அழுத்திக் கையில் திணித்தார்.

மறுமுனையில் ஒரு பெண். "ஒரே ஒரு படுக்கை காலியா இருக்கு. அங்கேருந்து இங்க வர நாலு மணி நேரம் ஆகும். மூணு மணிக்குள்ள வந்துடுவீங்களா?"

நாலு மணி நேரம்! மலைக்குப் பின் மலை, வளைவுக்குப் பின் வளைவு! என்ன, பின்னால் யாரது? "பஸ்ஸுலயே போயிருக்கலாமே" என்கிறீரா? போயிருப்பேன், பள்ளி நிர்வாகம் என் தோலை உரித்திருக்கும்! முதல் மணி நேரத்திலேயே, "வண்டிய நிறுத்துக்கா" என்றான். "எவன்டா எம் பஸ்ஸுல ஸ்டாப் வராம எறங்குனவன்?" என்றேன். அவன் அழுதான். நானும் அழுதேன். வண்டி ஓடியது. மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தோம்.

அன்பர்களே! மனம் இளகுவது அரை நாள். படுக்கை இருப்பது நாலு மணித் தொலைவு. இரண்டுக்கும் நடுவே வேண்டியது உபதேசமா? பரிதாபமா? அந்த எண் தெரிந்த ஓர் ஆள் வேண்டும், டேங்க் நிரம்பிய ஒரு வண்டி வேண்டும்! எண்ணை இந்தச் சுவரில் எழுதிவிட்டோம். கீழே, எந்த நாள் யார் வண்டி ஓட்டுவது என்று பெயர் எழுத, ஏழு நாளுக்கு ஏழு கட்டம். திங்கள் நான், செவ்வாய் டூயி, சனி வரை பெயர் விழுந்துவிட்டது. ஞாயிறு மட்டும் காலி. கேட்டால் வழிபாடு என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை எவனுக்கும் உதடு நீலம் பாரிக்காதா? போதகரே, நீங்களே சொல்லுங்கள்! அந்தக் கட்டம் நிரம்பாமல் நான் இறங்கப் போவதில்லை.

அங்கே, மண்டபத்துச் சமையலறைக் கதவோரம் கை தூக்குவது யார்? சத்தமாகச் சொல்லுங்கள்!

"ஞாயித்துக்கிழமைய எம்பேர்ல போடுக்கா. லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அந்த ரோடு எனக்கு நல்லாவே தெரியும்."

வெர்னன்! வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னாயாடா? அழுகையை அடக்க முடியவில்லை, மன்னியுங்கள். முன்னால் வா. பேனா இதோ. உன் பெயரை நீயே எழுது.

அவன் எழுதி முடிக்கும்வரை எழுந்து நிற்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. பீன்ஸ் ஆறுவதற்குள் இறங்குகிறேன். வணக்கம்.