சிவப்புக் கயிறு கட்டின பாட்டில்

மாலிவன்: ...அதெல்லாம் இல்லக்கா. ஒரே ஒரு பாட்டில். பழுப்பு நெறம், கழுத்துல சிவப்பு நைலான் கயிறு. அதை மட்டும் கொடுத்துடு, நான் பாட்டுக்குப் போயிடறேன்.

சந்தாலா: வித்த பாட்டிலைத் திருப்பிக் கேக்குற பாட்டில்காரிய இன்னிக்குத்தான்டி பாக்குறேன்.

மாலிவன்: காசைத் திருப்பித் தந்துடறேன்.

சந்தாலா: நீ ஓடத்துக்குக் கொடுத்த காசுல பத்து பாட்டில் வாங்கலாமே மாலிவன். இதுக்குப் போயா மேக்கொங்கைத் தாண்டி வந்தே?

மாலிவன்: அது... கேக்குறாங்கக்கா.

சந்தாலா: யாரு?

மாலிவன்: அந்த வெள்ளைக்காரங்களை ஏத்திக்கிட்டுப் போற படகுக்காரன். ஞாபகத்துக்கு வச்சிருந்தானாம்.

சந்தாலா: காலி பீர் பாட்டிலையா? அவனுங்க பொண்டாட்டி மூஞ்சியையே ஞாபகம் வச்சுக்க மாட்டானுங்க.

மாலிவன்: சிரிக்காதக்கா. ஆமா, என்ன தொண்டை இப்படிக் கரகரங்குது?

சந்தாலா: அடுப்புப் புகை. சாராயம் காய்ச்சி எறக்குறதுன்னா சும்மாவா? உக்காரு. கூடையில சோறு இருக்கு, மிளகாத் துவையல் இருக்கு. எடுத்துத் தின்னு.

மாலிவன்: நீயும் ஒரு வாய் எடு.

சந்தாலா: எனக்கு எறங்காது. வாயெல்லாம் புண்ணு. சூடு.

மாலிவன்: ஆகாதா பின்னே! தொறக்குற ஒவ்வொரு பாட்டில்லயும் மொதக் கிண்ணத்தை நீயே ஊத்திக்கிட்டா?

சந்தாலா: அடி போடி. வீட்டுக்காரி குடிச்சுக் காட்டாம எவன்டி நம்பிக் குடிப்பான்? எங்கம்மா அப்படித்தான், அவங்கம்மாவும்... அதை விடு. தக்கை போட்டிருந்துச்சா அந்தப் பாட்டில்?

மாலிவன்: ஆமா! மக்காச்சோளத் தக்கை. பாத்தியா நீ?

சந்தாலா: பாத்த மாதிரிதான் இருக்கு. அடியில ரெண்டு விரல் அளவுக்கு ஏதோ கெடந்துச்சு. கருப்பா. யாரோ வேர் ஊறப்போட்ட சாராயம்னு நெனச்சேன்.

மாலிவன்: நெனச்சு?

சந்தாலா: நெனச்சு... ஓரமா வச்சேன்.

மாலிவன்: கழுவலையே?

சந்தாலா: மத்ததெல்லாம் சாம்பல் போட்டுத் தேச்சு, கொதிதண்ணியில முக்கி எடுத்தாச்சு. சாராயம் இருந்த பாட்டிலுக்குத் தண்ணி காட்டுவாங்களா? மேல வர்ற சரக்கு கலங்கிடும். அப்படியே ஊத்தி நெரப்புறதுதானே வழக்கம்.

மாலிவன்: ஓரமா வச்சேன்னியே!

சந்தாலா: வழக்கத்தைச் சொன்னேன்டி. எதுக்கு இப்ப மூஞ்சி வெளுக்குது உனக்கு?

மாலிவன்: அக்கா... அந்தச் சேவல் கால்ல என்ன கயிறு?

சந்தாலா: எந்தச் சேவல்?

மாலிவன்: தூண்ல கட்டியிருக்கியே, அந்தச் சேவல். சிவப்புக் கயிறு.

சந்தாலா: சும்மா கெடந்த கயிறு, எடுத்துக் கட்டினேன்.

மாலிவன்: ஊத்திட்டியா? அக்கா, ஊத்தி யாருக்காவது கொடுத்துட்டியா?

சந்தாலா: மொதல்ல நீ சொல்லு. என்ன இருந்துச்சு அதுல?

மாலிவன்: புல்லு மருந்து. களையைச் சாகடிக்கிறது.

சந்தாலா: ...வாழைத் தோட்டத்துல அடிக்கிறாங்களே, அதுவா?

மாலிவன்: அதேதான்.

சந்தாலா: ஓகோ. படகுக்காரன் புல்லு மருந்தைத்தான் ஞாபகத்துக்கு வச்சிருந்தானா?

மாலிவன்: பொய்யிக்கா. பயத்துல சொன்னது. எங்க வீட்டுக்கடியில இருந்த பாட்டில் அது. நம்ம வயக்காட்டுல தெளிக்கலாம்னு என் புருஷன் கம்பான்தான் வாழைத் தோட்டத்துலேர்ந்து ஊத்திக்கிட்டு வந்திருக்கான். அடையாளத்துக்குக் கயிறும் கட்டி வச்சிருக்கான். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? சாக்கு நெரம்பலைன்னு நான்தான் எடுத்துப் போட்டேன். மோந்துகூடப் பாக்கல.

சந்தாலா: நானும்தான் மோந்து பாக்கல. எனக்கு இந்த ஊறல் வாடையைத் தவிர மூக்குல வேற எது ஏறுது?... சரி, அதைக் குடிச்சா என்னாவும்?

மாலிவன்: தோட்டத்துல ஒருத்தன் தண்ணின்னு நெனச்சு வாயில ஊத்திக்கிட்டான். மூணு நாளு நல்லாத்தான் இருந்தான். வாழைத்தாரு சுமந்தான். அப்புறம் மூச்சு ஏறல.

சந்தாலா: நெறைய குடிச்சிருப்பான்.

மாலிவன்: ஒரு வாய்தான்.

சந்தாலா: சாராயத்துல கலந்திருந்தா வீரியம் கொறையுமில்ல?

மாலிவன்: எனக்கென்னக்கா தெரியும்.

சந்தாலா: உடனே துப்பியிருந்தா?

மாலிவன்: அவனும் துப்பினான். உள்ள போனது போனதுதானாம்.

சந்தாலா: ஆஸ்பத்திரிக்கு...

மாலிவன்: கொண்டு போனாங்க. லேட்டு. அன்னிக்கே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்னாங்களாம். கரையில போட்ட மீன் மாதிரி வாயைத் தொறந்துக்கிட்டே கெடந்தான்.

சந்தாலா: மொதல்ல எங்கடி நோவும்?

மாலிவன்: வாயிலதான். நாக்கு வெந்து, தொண்டை கட்டி... அக்கா?

சந்தாலா: மேல சொல்லு.

மாலிவன்: அக்கா, வாயைத் தொற. உன் நாக்கைக் காட்டு.

சந்தாலா: என் நாக்கை அப்புறம் பாக்கலாம். உண்மையைச் சொல்லு. நீ பாட்டிலுக்கா வந்தே, புருஷனுக்கா வந்தே?

மாலிவன்: ...சந்தையன்னிக்குக் கம்பான் இங்கதான் வந்திருந்தான். வீட்டுக்கு வந்து வேர்ச் சாராயம் வேர்ச் சாராயம்னு ஒளறிக்கிட்டே படுத்தான். நேத்து மருந்தைத் தேடுறான், பாட்டிலைக் காணோம். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. எதைக் குடிச்சேன்னு கேட்டா, எத்தனையோ குடிச்சேன்டின்னு இளிக்கிறான். ராத்திரி பூரா அவன் மூச்சையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். உன் கால்ல விழறேன், சொல்லுக்கா... அதுலேர்ந்து அவன் குடிச்சானா?

சந்தாலா: கை நீட்டினான். நான் கொடுக்கல. மொதக் கிண்ணம் வீட்டுக்காரியோடதில்ல? வாயில வச்சதும் பத்திக்கிட்டு எரிஞ்சுது, துப்புறதுக்குள்ள பாதி எறங்கிடுச்சு. பாட்டிலை அவன் எட்டுறதுக்குள்ள தட்டி விட்டேன். கெழவிக்குப் போதை ஏறிடுச்சுன்னு உன் புருஷன் விழுந்து விழுந்து சிரிச்சான்... அழுவாதடி. அவனுக்கு ஒண்ணுமில்ல. எழுந்திரு, ஓடக்காரன் கெளம்பிடப் போறான், கொஞ்சம் இருக்கச் சொல்லு. நானும் வரேன், ஆஸ்பத்திரி வரைக்கும்.