வேஸ்கூஸின் வேர்

புட்டு ஆறினால் தொண்டையில் இறங்காது, ஐயா. அதனால் எங்கள் புக்கிட் பெருவாங் வீட்டில் சரியாக எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடுவோம். முப்பத்து நான்கு வருடமாக அப்படித்தான்.

என் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ஆங்கிலச் சொற்கள் என்றால் அவருக்கு உயிர். காலையில் ஒரு சொல்லுக்கு அர்த்தமும் வேரும் விளக்குவார். மறுநாள் காலை நான் ஒப்பிக்க வேண்டும். சரியாகச் சொன்னால் கேட் சாவி என் கைக்கு வரும். தவறினால் அன்று வெளியே போக முடியாது. முதலில் சொல்லும் பதில்தான் செல்லும், திருத்தக் கூடாது. படித்த மனிதர், எதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும் அவருக்கு.

முந்தாநாள் மகள் அஞ்சனாவின் குழந்தைக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு. அவள் வீடு புக்கிட் ரம்பாயில், காரில் இருபது நிமிடம். பிள்ளைப்பேற்றுத் துடக்கு கழியட்டும் என்று அதுவரை அவர் என்னைப் போகவிடவில்லை. பட்டுச்சேலை கட்டி, பேரனுக்கு வாங்கிய காப்பும் கையுமாக உட்கார்ந்தேன். ஒப்பிக்க வேண்டிய சொல் ஊட்கியாரெ. விடியுமுன் விழித்துக் கிடந்து படும் கவலை. அர்த்தத்தை நான் மறப்பேனா? வேர்தான் இரண்டு துண்டு. ஒன்றைத் தவறாகச் சொல்லி, உடனே திருத்தினேன்.

“வடிவா யோசிச்சுச் சொல்லியிருக்கலாமே,” என்றார். சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

நேற்று சாப்பாட்டு மேசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “குளிசையைத் தாரும்,” என்றார். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, என் கையில்தான் இருந்தது. நான் வேஸ்கூஸின் வேர் என்னவென்று கேட்டேன். அச்சகத் தொழிலாளர்களின் வருடாந்தர விருந்துக்கு அந்தக் காலத்துப் பெயர் அது. எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் உறுதியாகத் தெரியாது. அவருடைய தடித்த அகராதியிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கொடுத்திருப்பேன். கட்டியவரைக் கொல்ல நான் என்ன ராட்சசியா?

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ,” என்றேன்.

ஏதோ டச்சுச் சொல் என்றார்.

மாத்திரைப் புட்டியை மூடி வைத்துவிட்டு, ஆறுவதற்குள் என் புட்டைச் சாப்பிட்டேன். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன். அதையும் உங்கள் போலீஸ் ஆட்கள் வாங்கி வைத்துவிட்டார்கள்.

தெரியாது என்று அவர் சொல்லவே இல்லையா என்று கேட்கிறீர்கள். சொன்னார், ஐயா. இரண்டு தரம், அழுதுகொண்டே சொன்னார். ஆனால் அது அவருடைய முதல் பதில் இல்லையே.