ஆதிலட்சுமி மாலின் முதல் படியருகே நின்றவர்

(ஆதிலட்சுமி மால் வணிகர் சங்கம் மாலின் தரைத்தளத்தில் நடத்திய இரங்கல் கூட்டத்தில், சங்கத் தலைவரும் முதல் மாடி மூக்குக்கண்ணாடிக் கடை உரிமையாளருமான கோதண்டராமன் ஆற்றிய உரை)

பழைய ஃபுட் கோர்ட்டின் மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டு மேடை என்று நாங்கள் அழைக்கும் இந்த இடத்தில் வீற்றிருக்கும் மாலின் உரிமையாளர், மதிப்பிற்குரிய பலராமன் அவர்களே! சங்கத்தில் இன்னும் மிச்சமிருக்கும் நான்கு கடைக்காரர்களே! மறைந்த அம்மையாரின் மகள் கீர்த்தனா அவர்களே! தண்டராம்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உண்ணாமலை அம்மாள் அவர்களே! உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

நாற்காலிகள் போதாததற்கு மன்னிக்க வேண்டும். நூறு போதும் என்று சங்கம் முடிவு செய்தது. இந்த மாலுக்குள் ஒரே நேரத்தில் நூறு பேர் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே சங்கத்தின் முடிவைத் தவறு என்று சொல்ல முடியாது.

கடந்த மூன்று ஆடிக்கும் வாசலில் தள்ளுபடிப் பதாகை கட்டினோம். ஒரு வருடம் குலுக்கலில் மிக்ஸி தருவதாக ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்து ஊரெல்லாம் சொன்னோம். மிக்ஸியைச் சங்க உறுப்பினர் ஒருவர்தான் வென்றார். பெட்டிக்குள் சீட்டுப் போட்டவர்களே நாங்கள்தான். அப்போதெல்லாம் வராத கூட்டம் இன்று வந்திருக்கிறது. இதை வரவழைத்தவர் யார்? பதாகையா? ஒலிபெருக்கியா? மிக்ஸியா? இல்லை. ரேணுகாம்பாள் அவர்கள். வயது ஐம்பத்தொன்பது. பதவி, எஸ்கலேட்டர் உதவியாளர்.

அந்தப் பதவியை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அடையாள அட்டையில் துப்புரவுப் பணியாளர் என்றுதான் இருந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், இதே தளத்தில், திறப்பு விழா அன்று அவர் அதை எடுத்துக்கொண்டார்.

எங்களுக்குத் தெரிந்து இந்த ஊர்க்காரர்கள் பலர் முதன்முதலாகப் பார்த்த எஸ்கலேட்டர் இது. விழாவுக்கு வந்த பிரமுகரின் பெயர் இப்போது வேண்டாம். கல்வெட்டில் இருக்கிறது. கல்வெட்டு தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் இருக்கிறது. அவர் ரிப்பனை வெட்டினார், கும்பிட்டார், எஸ்கலேட்டரில் ஒரு காலை வைத்தார். அந்தக் கால் மேலே போனது. இன்னொரு கால் மக்களோடே இருந்துவிட்டது. கட்சிக்காரர்கள் நாற்பது பேர் வாழ்க என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தரை துடைத்துக்கொண்டிருந்த ரேணுகாம்பாள் துடைப்பானைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். பிடித்தபடியே மேலே கொண்டுபோய் விட்டார். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் பிரமுகர் முழுதாக இருந்தார். அம்மையார் மணிக்கட்டு வரை இருந்தார்.

அன்று பிடிக்கத் தொடங்கியவர்தான். கலசப்பாக்கத்திலிருந்து, கீழ்பென்னாத்தூரிலிருந்து, செங்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். எஸ்கலேட்டரைப் பார்த்ததும் முதலில் என்ன செய்வார்கள்? செருப்பைக் கழற்றுவார்கள். படி தானாக மேலே போகிறது, மேலே என்ன இருக்கிறது என்று தெரியாது, எதற்கும் கழற்றிவிடுவோம் என்று நினைத்திருப்பார்கள். அதில் எனக்கு நியாயம் தெரிகிறது. மேலே போய்த் தேடுவார்கள். செருப்பு கீழே இருக்கும். திரும்பி வர இறங்கும் எஸ்கலேட்டர் இல்லை, அதற்குள் பலராமன் ஐயாவின் முதலீடு தீர்ந்திருந்தது. அம்மையார் ஒரு பிளாஸ்டிக் கூடையில் செருப்புகளை அள்ளிக்கொண்டு மேலே போவார். யாருடையது எது என்று ஒருநாளும் மாறியதில்லை. பிறகு நிர்வாகம் ஒரு பலகை வைத்தது. ‘காலணியுடன் ஏறவும்.’ எனக்குத் தெரிந்து இந்த ஊரில் செருப்பைக் கழற்றாதே என்று சொல்லும் ஒரே பலகை அது. இன்னும் இருக்கிறது. போகும்போது பாருங்கள்.

அவர் கையைப் பிடிக்க யோசித்தவர்களும் உண்டு. ஏன் யோசித்தார்கள் என்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாம் எல்லோரும் இந்த மாவட்டத்துக்காரர்கள். ஊர் பெயரைக் கேட்போம், தெரு பெயரைக் கேட்போம், அப்புறம் கையை நீட்டலாமா என்று யோசிப்போம். ஓடுகிற எஸ்கலேட்டர் அதற்கெல்லாம் நேரம் தருவதில்லை. விழப்போகிறவன் கிடைத்த கையைப் பிடிக்கிறான். ஒருநாள் அம்மையார் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். “ஏறும்போது புடிச்சிக்கிறாங்க சார். மேல போனதும் வேட்டியில கையத் தொடச்சிக்கிறாங்க. இருக்கட்டும். விழலல்ல?”

விழவில்லை. பதின்மூன்று ஆண்டுகளில் ஒருவர்கூட விழவில்லை.

மால்தான் விழுந்தது. எப்படி விழுந்தது? முதலில் சூப்பர் மார்க்கெட் போனது. வேங்கிக்கால் பக்கம் புது வீடுகள் வந்ததும் அதுவும் வீடு பார்த்துக்கொண்டு அங்கே போய்விட்டது. பிறகு துணிக்கடை போனது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஒரு ரப்பர் டைனோசர் இருந்தது. அது காற்று இறங்கிப் பல மாதம் தரையில் படுத்திருந்தது, பிறகு யாரோ சுருட்டி எடுத்துப் போனார்கள். ஏசி நின்றது. கூரை ஒழுகியது. எல்லோரும் கைப்பேசியிலேயே வாங்கிவிடுகிறார்கள் என்று சங்கக் கூட்டங்களில் நான் மிகவும் வருத்தத்தோடு பேசியிருக்கிறேன். இந்தச் சட்டையும் கைப்பேசியில் வாங்கியதுதான்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ஐப்பசி மழையில் எஸ்கலேட்டரும் நின்றது. சென்னையிலிருந்து வந்த மெக்கானிக் திறந்து பார்த்தார், மூடினார், தேநீர் குடித்தார், போனார். பலராமன் ஐயா, பார்க்கலாம் என்றார். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் காலை நான் கடை திறக்க வந்தபோது ரேணுகாம்பாள் அதே இடத்தில் நின்றிருந்தார். ஓடாத படிக்கு எதற்கம்மா ஆள் என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் பதிலைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

“ஓடும்போது பயம் ஜாஸ்தி சார், அதனால உஷாரா இருப்பாங்க. நின்னுபோச்சுன்னா பயம் கம்மி. இப்பதான் விழுவாங்க.”

நான் ஏறிப் பார்த்தேன். முதல் படியிலேயே தடுக்கியது. நின்றுபோன எஸ்கலேட்டரில் முதல் இரண்டு படி உயரம் குறைவு, மூன்றாவது படி உயரம் அதிகம். கால் ஒன்றை எதிர்பார்க்கும், படி வேறொன்றாக இருக்கும். அப்போதும் என் கையை அவர்தான் பிடித்தார்.

அதிலிருந்து ஐந்து ஆண்டுகள். கூட்டம் இருந்தபோது நின்றார். கூட்டம் குறைந்தபோது நின்றார். கூட்டமே இல்லாதபோதும் நின்றார். முட்டி வலி வந்த பிறகு ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார், ஆள் வந்தால் எழுந்தார். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மணி, அசையாத படியருகே அசையாமல் நிற்கும் இவரைப் பார்த்துவிட்டு, எதிரே தரையில் சம்மணமிட்டு மூன்று நாள் மௌனமாக உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் அம்மையார் கிட்டே போய், “இன்னாமா வேணும்? பாத்ரூமா?” என்று கேட்டார். அந்த அம்மணி அழுதுவிட்டுக் கும்பிட்டுப் போனார். என்ன புரிந்துகொண்டார் என்று தெரியவில்லை. இந்த மாலுக்கு நம்பி வந்து திருப்தியோடு போன கடைசி ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

பாத்ரூம் என்றதும் தீர்மானம் எண் பதினேழு ஞாபகத்துக்கு வருகிறது. இந்த மால் கிரிவலப் பாதையிலிருந்து நாலு எட்டில் இருக்கிறது. பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கில் மக்கள் இந்த வழியாக நடக்கிறார்கள். அவர்களில் பலர் உள்ளே வந்து கழிவறைக்கு மட்டும் போகிறார்கள், எதுவும் வாங்குவதில்லை என்று சங்கத்தில் புகார் வந்தது. ஆராய்ந்தோம். பௌர்ணமி அன்று மாலுக்கு விடுமுறை என்று தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவன் நான். ஒருமனதாக நிறைவேறியது. ஊருக்கே ஆள் வருகிற நாளில் கதவைச் சாத்திவிட்டு, மற்ற நாட்களில் ஆள் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தோம். இப்படி ஒரு வணிகர் சங்கம் வேறெங்காவது உண்டா?

அந்தச் சங்கக் கூட்டத்தில் எங்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த ரேணுகாம்பாள் சொன்னார். “வந்தவங்க உக்காரட்டுமே சார். உக்காந்தா தண்ணி கேப்பாங்க. தண்ணி குடிச்சா சுத்திப் பாப்பாங்க. பாத்தாதான வாங்குவாங்க?”

கூட்ட அறிக்கையில் அதைப் பதிவு செய்தோம். ‘தேநீர் வழங்கப்பட்டது’ என்று.

இரண்டு மாதத்துக்கு முன் பலராமன் ஐயா ஒரு தாளை அனுப்பினார். மாலை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப்போகிறார். பொங்கலுக்குள் காலி செய்யச் சம்மதம் என்று ஐந்து கடைக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தன் தாயாரின் பெயரில் கட்டிய கட்டடம் காலியாகக் கிடப்பதை எத்தனை நாள் ஒருவர் பார்ப்பார்? ஒருவர் மறுத்தாலும் திட்டத்தை விட்டுவிடுவதாகவும், எஸ்கலேட்டரைச் சரிசெய்து இன்னும் ஒரு வருடம் நடத்திப் பார்ப்பதாகவும் அவர் வாக்குக் கொடுத்தார். தாராளமாகக் கொடுத்தார். யாரும் மறுக்க மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும்.

நான்கு பேர் போட்டார்கள். ஐந்தாவது நான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். திங்கள் காலை தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். ரேணுகாம்பாள் நிறுத்தினார்.

“சார், அந்தப் பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டீங்களா?”

“இன்னும் இல்லம்மா.”

“போட மாட்டீங்கன்னு தெரியும் சார். கீர்த்தனாகிட்டகூட சொன்னேன், எங்க கண்ணாடி சார் போட மாட்டாருனு.”

அவர் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் மேலே போய்க் கடையைத் திறந்தேன். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அது. நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது பொய்.

அன்று பதினொன்றரை வாக்கில் உயிர் பிரிந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். எங்களுக்குத் தெரிந்தது மாலை நாலு மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் நடந்தது. பதினொன்றரையிலிருந்து நாலு வரை இந்த மாலுக்கு ஒரு வாடிக்கையாளர்கூட வரவில்லை. ஒருவர் வந்திருந்தால், எழுந்து கையை நீட்டாமல் ஏன் இருக்கிறார் என்று கேட்டிருப்பார்.

என் கடை வாசலில் நின்றால் அந்த ஸ்டூல் நேராகத் தெரியும். தெரிந்தது. தூணில் சாய்ந்து கண்ணயர்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு மணிக்குச் சாப்பிட இறங்கியபோது, அவர் தூக்கம் கலைந்துவிடக் கூடாதென்று சத்தமில்லாமல் நடந்தேன். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். மற்ற நான்கு பேரும் அப்படித்தான் நடந்தார்கள். எல்லோருமே மரியாதை தெரிந்தவர்கள்.

நாலு மணிக்கு உண்ணாமலை அம்மாள் வந்தார். கண் அறுவை சிகிச்சை முடிந்து, என் கடையில் சொல்லிவைத்த கண்ணாடியை வாங்க வந்தார். வழக்கம்போல் படியருகே வந்து கையை நீட்டினார். பிறகு என்னிடம் அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “கைய நீட்டினேன்பா. புடிக்கல. இன்னொரு வாட்டி நீட்டினேன். அந்தப் பொண்ணு அப்படிச் செய்ய மாட்டாளேனு அப்புறந்தான் மூஞ்சியப் பாத்தேன்.”

கண் சரியாகத் தெரியாதவர் பார்த்தார். கண்ணாடி விற்பவன் மேலே நின்றுகொண்டிருந்தேன்.

முன்பே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா? கீர்த்தனா அவர்கள் செவிலியர். பதில் அவருக்குத் தெரிந்திருக்கும். இந்த ஆறு நாட்களில் அவர் அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்கவில்லை. தன் தாயாரைப் போலவே, நாங்கள் விழாமல் பார்த்துக்கொள்கிறார்.

பெரியோர்களே, இரங்கல் கூட்டத்தில் அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று சொல்லி முடிப்பது முறை. நானே பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு நேராகத் தேநீர் இருக்கும் இடத்துக்குப் போயிருக்கிறேன். இன்று கொஞ்சம் வேறுமாதிரி முடிக்க அனுமதியுங்கள்.

இதோ அந்தத் தாள். என் கையெழுத்தை அடித்திருக்கிறேன். பக்கத்தில் நேற்றைய தேதி போட்டிருக்கிறேன். பலராமன் ஐயா, இதை உங்கள் முன்னால் மேசைமேல் வைக்கிறேன். ஒருவர் கொடுத்த வாக்கை இத்தனை பேர் முன்னிலையில் அவருக்கு நினைவுபடுத்துவது நாகரிகம் இல்லை. அதனால்தான் இங்கே நினைவுபடுத்துகிறேன்.

தீர்மானம் எண் பதினேழு இன்றோடு ரத்து. வருகிற பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. அன்று இந்தக் கதவுகள் திறந்திருக்கும். வருகிறவர்கள் உட்காரட்டும். தண்ணீர் குடிக்கட்டும். ஒன்றும் வாங்காமலும் போகட்டும். இதனால் மால் பிழைக்குமா? எனக்குத் தெரியாது. அடுத்த பொங்கலுக்கு இதே இடத்தில் மாலுக்கே ஓர் இரங்கல் கூட்டம் போட நேரலாம். ஆனால் அதுவரை இதற்குள் ஒருவர் நாலரை மணி நேரம் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்க மாட்டார். ஐந்து கடைக்காரர்களும் முறை வைத்து அந்தப் படியருகே நிற்போம். எஸ்கலேட்டர் ஓடினாலும் நிற்போம், ஓடாவிட்டாலும் நிற்போம்.

முதல் முறை என்னுடையது. இன்றே தொடங்குகிறது. அம்மையாரின் திருவுருவப் படத்தை மேல் தளத்தில் வைத்திருக்கிறோம். பதின்மூன்று ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் இந்த எஸ்கலேட்டரில் படம் எடுத்திருக்கிறார்கள். தேடிப் பார்த்தோம், எல்லாவற்றிலும் அவருடைய கை மட்டும்தான் இருந்தது. கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கியிருக்கிறோம். மலர் தூவ நீங்கள் மேலே போக வேண்டும். முதலில் கீர்த்தனா அவர்களும் உண்ணாமலை அம்மாளும் போகட்டும். யாரும் செருப்பைக் கழற்ற வேண்டாம்.

நான் ஒலிபெருக்கியை வைத்துவிட்டுப் படியருகே போகிறேன். அங்கே அவர் பதின்மூன்று ஆண்டுகள் சொன்னதை நானும் சொல்வேன். எனக்குப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையக் குடுங்க. கீழ பாக்காதீங்க. மூணாவது படி கொஞ்சம் உயரம் ஜாஸ்தி. புடிச்சிருக்கேன், ஏறுங்க.