ஒரே கடிதம், இரண்டு ஆட்சி

அலைகள் வந்து அடிபணியும் ஆன்ஸ் மப்பூ மீன்பிடித் துறையிலே, இந்த அந்திப் பொழுதிலே, அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் கூட்டத் தலைவர், மீனவர் கூட்டுறவைக் கட்டிக் காக்கும் திருமதி ஒக்டேவியா பிரூனோ அவர்களே! மலைப்பாதையின் அத்தனை வளைவுகளையும் கடந்து தலைநகரிலிருந்து வந்திருக்கும் மாண்புமிகு சுகாதார அமைச்சர் ரூஃபஸ் டெலசோ அவர்களே! சிவப்புச் சட்டையிலே சீறும் கடலாய்த் திரண்டிருக்கும் என் கட்சிச் சொந்தங்களே! பொரித்த மீனும் சுட்ட ஈரப்பலாக்காயும் விற்றுக்கொண்டே எங்கள் வாய்ச்சொல்லுக்கும் காது கொடுக்கும் தாய்மார்களே! அதோ, ரம் கடை வேலிக்கு அப்பால், கேட்காதது போல நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டிருக்கும் மஞ்சள் கட்சி நண்பர்களே! முப்பத்தோரு ஆண்டுகளாக உங்களை மினிபஸ்ஸில் ஏற்றி இறக்கிய ஹெஸ்கெத் லாரோந்தின் பணிவான வணக்கம்.

அமைச்சரை வாழ்த்தி எட்டு நிமிடம் பேசு என்று சொல்லி, நம் கிளைச் செயலாளர் காலிக்ஸ்த் ஒரு தாளை எழுதிக் கொடுத்தார். அழகாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால், அவையோரே, அதை வாசிக்க என் நா எழவில்லை. குழம்பி நிற்கிறேன். பிப்ரவரி மாதத்திலிருந்து குழம்பித்தான் நிற்கிறேன்.

யாரது, "ஹெஸ்கெத்துக்குக் குழப்பமா, ரம்மா?" என்று கேட்பது? தம்பி, இன்று ஒரு சொட்டும் தொடவில்லை. அதனால்தான் இத்தனை குழப்பம்!

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தத் தீவை ஆண்டது யார்? மஞ்சள் கட்சி. அந்த ஆட்சியிலே நம் ஊர் மருத்துவ நிலையத்தின் குளிர்சாதனப் பெட்டி கெட்டது. நர்ஸ் கிளாடினா பிரெட் என்ன செய்தார்? மீனவர்களிடம் ஒரு ஐஸ் பெட்டியை இரவல் வாங்கினார். தடுப்பூசி மருந்தையும், சர்க்கரை நோயாளிகளின் இன்சுலினையும் அதற்குள் வைத்தார். தினமும் காலையிலே இந்தத் துறைக்கு நடந்து வந்து, ஐஸ் வாங்கித் தன் கையாலேயே நிரப்பினார். பிறகு அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். "பெட்டி குளிரவில்லை. மருந்து கெட்டால் மனிதர் கெடுவர். எப்போது சரிசெய்வீர்கள் என்று தேதி சொல்லுங்கள்." அவ்வளவுதான் கடிதம்.

அந்தக் கடிதத்தை நான் என்ன செய்தேன்? படி எடுத்தேன்! பதாகை ஆக்கினேன்! தலைநகர் வரைக்கும் ஊர்வலம் போனேன்! வானொலியின் நேயர் நேரத்திலே முழங்கினேன்: "மீன் கிடந்த பெட்டியிலே மருந்தா? மானமுள்ள அரசா இது? மனிதருக்கான அரசா இது?" என்றேன். கைதட்டினீர்கள். காலிக்ஸ்த் என்னைத் தோளில் தூக்கினார். நர்ஸ் கிளாடினாவை மட்டும் மஞ்சள் கட்சிக்காரர்கள் "சிவப்புக் கைக்கூலி" என்று ஏசினார்கள்.

நாம் வென்றோம். சிவப்பு ஆட்சி மலர்ந்தது. புதுப் பெட்டி வந்தது, நாடா கட்டினோம், நாடா வெட்டினோம், படம் எடுத்தோம். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அந்தப் பெட்டியும் செத்தது.

நர்ஸ் மறுபடி ஐஸ் பெட்டியை எடுத்தார். மறுபடி கடிதம் எழுதினார். இந்த முறை, அவையோரே, அந்த வேலிக்கு அப்பால் நிற்கிறாரே என் பக்கத்து வீட்டு ஹியூபர்ட், மஞ்சள் கட்சியின் ஹியூபர்ட், அவர் பதாகை பிடித்தார். நான் வானொலியில் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐஸ் என்றால் ஐஸ்தானே? குளிர்ந்தால் போதாதா? பெட்டிக்குக் கட்சி உண்டா?" என்றேன்! அதற்கும் நீங்கள் கைதட்டினீர்கள்.

அதோடு நின்றேனா? நர்ஸ் மஞ்சளுக்கு வேலை செய்கிறார், அவரை மாற்றுங்கள் என்று நானே எழுதி, நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கி அனுப்பினேன். முதல் கையெழுத்து என்னுடையது. செப்டம்பரில் அவரை வடகோடியிலுள்ள லா பாயிக்குத் தூக்கிப் போட்டார்கள். பஸ்ஸில் அவரை ஏற்றிச் சென்றதும் நான்தான். இறங்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அண்ணே, ஐஸ் நிரப்ப ஒரு ஆளைச் சொல்லி வையுங்க."

சொல்லி வைத்தேனா? இல்லை.

காலிக்ஸ்த், சட்டையைப் பிடித்து இழுக்காதப்பா, கிழிந்துவிடும். மைக்கை அணைத்தாலும் என் தொண்டை அணையாது. தலைவர் அம்மா, நான் உட்காரட்டுமா? ... பேசச் சொல்கிறார். நன்றி அம்மா.

அதன் பிறகு வாரத்திற்கு ஒரு நாள், செவ்வாய்க்கிழமை மட்டும், வேறொரு நர்ஸ் வந்து போனார். ஐஸ் உருகியது. மருந்து வெந்தது. அந்த வெந்த மருந்தைத்தான் வாரக்கணக்கில் போட்டுக்கொண்டாள் என் மனைவி எர்மின். சர்க்கரை இறங்கவே இல்லை. "இந்த மருந்துல ஏதோ கோளாறு, ஹெஸ்கெத்" என்றாள். "நம்ம அரசாங்கம் கொடுத்த மருந்துடி, கோளாறு வருமா?" என்றேன். இதைச் சொன்ன வாயோடுதான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு நண்பகல். அடுப்பில் கீரைக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, எர்மின் தரையில் சாய்ந்தாள். காலிலே ஒரு புண், கறுத்துப் போயிருந்தது. நான் அப்போது தலைநகரில், பஸ்ஸோடு. ஊரிலே ஆம்புலன்ஸ் இல்லை. அவளைத் தூக்கியது யார்? பதினோரு ஆண்டுகளாக நான் முகம் கொடுத்துப் பேசாத ஹியூபர்ட்! மஞ்சள் கொடி கட்டிய தன் பிக்கப்பில் மெத்தையைப் போட்டு, அவளைக் கிடத்தி, வடக்கே விரட்டினார். ஏன் வடக்கே? மலைப்பாதையில் தலைநகர் போக நேரமில்லை; அதைவிட அருகில் குளிர்ந்த மருந்து இருந்தது லா பாயியில்தான். அங்கே இருந்தது நர்ஸ் கிளாடினா.

நான் பதறி ஓடிப் போய்ச் சேர்ந்தபோது எர்மினுக்கு நினைவு திரும்பியிருந்தது. வாசலில் ஹியூபர்ட்.

"வண்டியில அந்தக் கொடியைக் கழட்டியிருக்கலாமேய்யா" என்றேன். பாருங்கள், அந்த நேரத்திலும் என் வாயில் வந்தது அதுதான்!

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் பொண்டாட்டி மயங்கிக் கிடக்குறா, நான் கொடியை அவுத்துக்கிட்டு நிக்கவா? போய்யா உள்ள, அவ உன்னைத்தான் தேடுறா" என்றார்.

உள்ளே போனேன். நர்ஸ் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கேட்டது, "அண்ணே, நம்ம ஊர்ப் பெட்டி இன்னும் கெட்டுத்தான் கிடக்கா?"

"கிடக்கு தங்கச்சி."

"அப்ப மத்தவங்க மருந்து? இன்சுலின் போடுறவங்க பன்னிரண்டு பேர் இருக்காங்களே அங்க?"

என் வீட்டுக்காரியைத் தவிர வேறொருவர் என் நினைப்பிலேயே வரவில்லை. பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்டேன். "தங்கச்சி, உண்மையைச் சொல்லு. நீ சிவப்பா, மஞ்சளா?"

அவர் சிரித்தார். "முதல்ல அக்கா கால்ல கட்டு மாத்தணும். தள்ளி நில்லுங்க."

இன்றுவரை எனக்குத் தெரியாது, அவையோரே. அவர் எந்தக் கட்சி? தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனம் அரிக்கிறது, ஏன் அரிக்கிறது என்றும் தெரியவில்லை! எர்மினின் உயிர் மிஞ்சியது. இரண்டு கால்விரல்கள் போயின.

போன மாதம் கட்சி அலுவலக அலமாரியைக் கிளறினேன். அவருடைய முதல் கடிதம் கிடைத்தது. நாங்கள் கண்டனம் தெரிவித்த இரண்டாவது கடிதமும் கிடைத்தது. மேசையில் இரண்டையும் அருகருகே வைத்தேன். அதே வரிகள். அதே சொற்கள். ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. மாறியிருந்தது தேதி மட்டும். முன்னதை ஏந்தி ஊர்வலம் போனவனும் நான், பின்னதற்காக அவரை ஊரைவிட்டு அனுப்பியவனும் நான். கடிதம் மாறவில்லை, ஐஸ் பெட்டி மாறவில்லை, நோய் மாறவில்லை. மாறியது நானா? நாற்காலியா? நாற்காலியில் யார் உட்கார்ந்தால் எனக்கென்ன வந்தது, என் கண் ஏன் அவிந்தது?

சிவப்பு கெட்டது என்று சொல்ல வரவில்லை. என் அப்பன் இந்தக் கொடியின் கீழ்தான் கூலி உயர்வுக்கு நின்றான். மஞ்சள் நல்லது என்றும் சொல்லவில்லை. ஹியூபர்ட், நீயும் முதல் பெட்டி கெட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தவன்தானே? தலையாட்டுகிறார், பாருங்கள்! நாம் இருவரும் முறை வைத்துக் குருடானோம். முறை வைத்து அமைச்சர்கள் பதில் சொல்லாமல் தப்பினார்கள்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களே! உங்களுக்காக நாற்பது வீடு ஏறி இறங்கியவன் கேட்கிறேன். பெட்டி எப்போது சரியாகும்? நர்ஸ் கிளாடினா எப்போது திரும்புவார்? ... "விரைவில்" என்கிறார். ஐயா, விரைவில் என்பது எந்தக் கிழமை? "அடுத்த மாதம்." எந்தத் தேதி? ... உதவியாளரைப் பார்க்கிறார். உதவியாளர் கடலைப் பார்க்கிறார்.

யாரம்மா அது, பின்னால் நின்று "தேதி சொல்லுங்க" என்று குரல் கொடுப்பது? இன்னும் உரக்க! வேலிக்கு அப்பாலிருந்தும் கேட்கிறதே! சிவப்பும் சொல்கிறது, மஞ்சளும் சொல்கிறது, என் காதுக்கு எது யார் குரல் என்று பிரிக்கத் தெரியவில்லை!

நான் வகிக்கும் கட்சிக் கிளைத் தலைவர் பதவியை இந்த மேடையிலேயே விடுகிறேன். யாருக்கு வாக்களிப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. நாற்பது ஆண்டுகளில் இதுதான் முதல் முறை, பயமாகவும் இருக்கிறது. ஒன்று மட்டும் தெரியும். அந்தப் பன்னிரண்டு பேரின் பெயரும் இப்போது எனக்கு மனப்பாடம். இப்போது தினமும் காலையில் நானும் ஹியூபர்ட்டும்தான் ஐஸ் நிரப்புகிறோம். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு என் பஸ் அமைச்சக வாசலுக்குப் புறப்படும். அதற்கு அடுத்த திங்களும் புறப்படும். தேர்தலில் யார் வென்றாலும், வென்ற மறு திங்களும் புறப்படும். எந்தச் சட்டை போட்டும் வரலாம். ஆனால் அங்கே போய் ஒரே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், போகாமல் அமர்ந்திருந்த அமைச்சருக்கும், பொங்கிக் குரல் கொடுத்த தாய்மார்களுக்கும், வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட நண்பர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பஸ்ஸில் பதினான்கு இருக்கைதான், சீக்கிரம் வாருங்கள். வணக்கம்!