எட்டுக் கால் ஐ.சி.

— இழுக்காதீங்க. ஈயம் இன்னும் இளகல.

— இளகிடுச்சே...

— இளகினா பளபளன்னு மின்னும். இப்ப இழுத்தா அடியில இருக்கிற செம்புத் தகடும் ஐ.சி. காலோட பேந்து வந்துரும். அப்புறம் அந்த போர்டு குப்பைக்குத்தான்.

— மெக்கானிக்கம்மா, நான் சட்டைக்குக் காஜா எடுக்கிற ஆளு. என்னைக் கொண்டுவந்து உன் மேஜையில உக்கார வச்சுட்டு, நீ கதவோரம் நின்னு அதிகாரம் பண்றே.

— கை சுளுக்குன்னு சொன்னேன்ல.

— எந்தக் கை?

— வலது... வலதுதான்.

— அந்தக் கையாலதானே இப்ப என்னைப் பாத்து விரலை ஆட்டிக்கிட்டு இருக்கே.

— வேலையைப் பாருங்க டெய்லரே. அஞ்சு மணிக்கு டீச்சர் வந்துருவாங்க. காது மெஷின் இல்லாம நாளைக்குக் கிளாசுக்குப் போனா, பசங்க கேக்குறது ஒண்ணு, இவங்க சொல்றது ஒண்ணுன்னு ஆயிடும்.

— வேற மெஷின் வாங்கிக்கக் கூடாதா?

— பாக்கெட்ல வைக்கிற இந்த மாடல் இப்ப வர்றதே இல்ல. இருபது வருஷமா இதுக்குப் பழகின காது. வேற எதை மாட்டினாலும் ஒரே இரைச்சல்னு கழட்டிடுறாங்க. செத்துப்போன இந்த ஐ.சி. சிப்பை எடுத்துட்டா, புதுசை வச்சுரலாம். எடுக்கிறதுதான் கண்டம்.

— எட்டுக் கால் இருக்கு. பூச்சி மாதிரி.

— எட்டையும் விடுவிக்கணும். ஈயம் ஓடுறதுக்குப் பேஸ்ட் தடவினீங்களா? சரி, இப்ப ஒவ்வொரு கால்லயும் புது ஈயம் ஒரு பொட்டு வைங்க.

— எடுக்கச் சொல்றியா, வைக்கச் சொல்றியா?

— பழைய ஈயம் லேசுல உருகாது. புதுசு சேர்ந்தா அதுவும் கூட இளகும்.

— ஓ... கல்யாணம் பண்ணி வச்சா பையன் திருந்திருவான்னு சொல்ற மாதிரி.

— நீங்க திருந்தினீங்களா?

— இளகினேன்ல.

— ம்க்கும்... அந்த ஃபேனை என் பக்கம் திருப்பாதீங்க. புகை ஜன்னல் வழியா வெளியே போகட்டும்.

— பத்து வருஷமா இந்தப் புகையிலதானே குடியிருக்கே?

— இன்னிக்குத் தலைவலி.

— கையும் சுளுக்கு, தலையும் வலி... சரி சரி, முறைக்காதே. எட்டுப் பொட்டும் வச்சாச்சு.

— இப்ப அந்தச் செம்பு நாடாவைக் கால் மேல படுக்க வைங்க. அதுக்கு மேல அயர்ன்...

— எனக்குத் தெரிஞ்ச அயர்ன் சட்டை மேல ஓடுறது.

— இதை ஓட்டாதீங்க. அழுத்தவும் வேண்டாம், சும்மா தொட்டா போதும். உருகின ஈயத்தை நாடா உறிஞ்சிக்கும்.

— அட... குடிக்குது பாரு, கோடை வெயில்ல வந்தவன் மாதிரி.

— மூணு எண்ணி எடுத்துருங்க. அயர்னையும் நாடாவையும் ஒண்ணா.

— நாடா ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது.

— பதறாதீங்க. மறுபடி சூடு காட்டுங்க... வந்துச்சா?

— வந்துருச்சு. கிட்ட வந்துதான் பாரேன்.

— இங்கேருந்தே தெரியுது.

— அரிசி மணி அளவு இருக்கு. பத்தடி தள்ளி நின்னா தெரியுதா?

— என் கண்ணு அப்படி. அடுத்த காலைப் பாருங்க.

— ...

— என்ன, சத்தத்தையே காணோம்?

— ஏழு முடிஞ்சுது. எட்டாவது பிடிவாதம் பிடிக்குது.

— தகடு தூக்கிருச்சா? உண்மையைச் சொல்லுங்க.

— தூக்கல, தூக்கல. என் ஊசியைக் காலுக்கு அடியில விட்டுக்கிட்டே சூடு காட்டட்டுமா?

— ம்... ஊசியில ஈயம் ஒட்டாது. மெதுவா. நெம்பாதீங்க, அதுவா எழுந்திருக்கட்டும்.

— ...

— என்னங்க?

— இரு.

— என்னங்க...

— வந்துருச்சு. எட்டுத் தகடும் உக்காந்த இடத்துலயே இருக்கு.

— அப்பாடா. என் ஸ்டூலை உங்களுக்கே எழுதி வச்சுரலாம் போல.

— இவ்வளவு பெரிய வேலை முடிச்சிருக்கேன், நீ இன்னும் கதவை விட்டு நகரல.

— புதுசை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க. ரெண்டு தடவை. நக இடுக்கையும் விடாம.

— ...

— கழுவியாச்சா?

— கழுவியாச்சு. இப்ப சொல்லு. உனக்குக் கையும் சுளுக்கல, தலையும் வலிக்கல.

— ஈயப் புகை ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க... பத்து வாரம்.

— இந்தா ஸ்டூல். முதல்ல உக்காரு.

— முன்னாடியே சொல்லியிருக்கணும். ரெண்டாவது தடவை கலைஞ்சப்ப நீங்க இருபது நாள் தையல் மெஷின்கிட்டயே போகல. அதை இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பில்ல. மூணு மாசம் தாண்டட்டும்னு இருந்தேன்.

— அதுவரைக்கும் தனியாவே பயந்துக்கிட்டு இருப்பியா?

— முந்தாநாள்லேருந்து எனக்கு உயிரே இல்லங்க. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்த ஜாக்கெட் திடீர்னு தளர்ந்துபோச்சு. மாத்திப் போட்டா அதுவும் அப்படித்தான். போன ரெண்டு தடவையும் முதல்ல உடம்புதானே வத்திச்சு? மறுபடியும் போச்சுன்னே நினைச்சுட்டேன். காலையில பார்ட்ஸ் வாங்கப் போறேன்னு பொய் சொல்லிட்டு டாக்டர்கிட்ட ஓடினேன்.

— என்ன சொன்னாங்க?

— துடிப்பைக் கேக்க வச்சாங்க. நல்லா இருக்குன்னாங்க. நான் அங்கேயே உக்காந்து அழுதுட்டேன். ஆனா ஜாக்கெட் ஏன் தளர்ந்துச்சுன்னு அவங்களுக்கும் தெரியல... என்னங்க, ஏன் தலையில அடிச்சுக்கிறீங்க?

— இஞ்சு டேப்பும் கையுமா திரியறவன்கிட்ட இதை மறைக்க முடியுமாம்மா? போன மாசமே தெரியும். நீயா சொல்லட்டும்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்... உனக்கு மூச்சு முட்டக் கூடாதேன்னு, நீ குளிக்கப் போற நேரமாப் பாத்து, ஒவ்வொரு ஜாக்கெட்லயும் ஒரு தையல் பிரிச்சு வச்சது நான்தான்.