நீலம் அடிச்ச சவுக்கு

ஹாரன் அடிக்காத நைனா, அடிச்சா ஊரே வந்துடும். இப்பதான் இங்க இருந்தவங்க எல்லாரும் கோயிலாண்ட நாஷ்டா துன்ன போய்க்கிறாங்கோ. பத்து நிமிசத்துல மறியலுக்குத் திரும்பிடுவாங்கோ. அதுக்குள்ள ரிவர்ஸ் எடு, நான் பின்னால நின்னு கை காட்றேன்.

பில்லா? நீயே வச்சிக்கோ. லோடு அந்தக் கரண்டு கம்பெனிக்குத்தானே போவுது? வெறகு எரிச்சி கரண்டு எடுக்கிறானே, அவனுக்கு? நாப்பது நாளா இந்த ரோட்டுல அவனுக்கு ஒரு குச்சி போவல. துளசிராமன் காவலுக்கு நின்னப்ப வண்டி போச்சின்னு எனக்குப் பேரு வாணாம்.

உன் மேல எனக்கு இன்னா கோவம்? அந்தக் கம்பெனிக்காரன் வந்தப்ப இன்னா சொன்னான் தெரியுமா? வேலிக்காத்தான் முள்ளும் வேர்க்கல்ல தோலும்தான் எரிப்பேன், முள்ளு ஒயிஞ்சா உங்களுக்குத்தானே நல்லதுன்னான். நாங்களும் கை தட்டுனோம், மடப்பசங்க. முள்ளு ஒரே வருசத்துல தீந்துடுச்சி. அப்பறம் மாமரம், வேப்பமரம், ஏரிக்கரை புளியமரம், எது கெடச்சாலும் உள்ள போவுது. நெல்லு பால் புடிக்கிற நேரத்துல கதிரு மேல சாம்பலு. எம்பொண்ணு நந்தினி ஆறாவது படிக்குது. புஸ்தகப் பையில இன்ஹேலரு வச்சிக்கினு போவுது.

நேரா போயிடறியா? போ. கம்பெனி கேட்டாண்ட எங்க ஊரு மோசஸு இருவது பேரோட குந்திக்கினுக்கிறான். உன் கண்ணாடி தேறாது.

நல்லா கேட்ட போ, விக்கிறவன் வித்தாத்தானே வண்டி வருதுன்னு. எங்க ஊர்ல எவனும் விக்க மாட்டான். திரௌபதி அம்மன் கோயில்ல கற்பூரம் கொளுத்தி, ஊட்டுக்கு ஒரு ஆளு வந்து கையால அணைச்சி சத்தியம் பண்ணிக்கிறோம். அந்த யோசன சொன்னதே நான்தான். மொத கையும் என் கைதான்.

மீறுனவரு ஒருத்தர் இருக்காரு. அப்பாவுன்னு பேரு. என் கூடப் பொறந்த அண்ணன். ரெண்டு மாமரத்த வெட்டிக் குடுத்துட்டாரு. ஊரே பேச்சு வார்த்தைய வுட்டுடுச்சி. அவரு பொண்ணு கல்யாணத்துக்கு முந்நூறு பேருக்கு ஆக்கி வச்சாரு, ஊரு சனம் ஒருத்தர் எலையில குந்தல. தெரு மொனையில நின்னு, வந்தவங்களத் திருப்பி அனுப்புனவனே நான்தான். அண்ணி என் கையப் புடிச்சிக்கினு அழுதுச்சி. சத்தியம்னா சத்தியம்தான் அண்ணின்னு கைய உதறிக்கினு வந்துட்டேன்.

தோ, பைக்கு சத்தம் கேக்குது. எடு நைனா, எடு! இன்னாது, திருப்ப எடம் பத்தலியா? அய்யோ, முன்னால வர்றது எங்கண்ணன்தான். எவனும் பேசலன்னாலும் தெனம் மறியலுக்கு வந்து ஓரமா நிப்பாரு மனுசன். எறங்கு, சீக்கிரம் எறங்கு. பின்னால தார்ப்பாய இன்னும் கீழ இழுத்துக் கட்டு. கட்டைங்களோட வெட்டின மொன வெளிய தெரியக்கூடாது.

இன்னாத்துக்கா? மொனையில நீல பெயிண்டு அடிச்சிக்குது பாரு. இங்க சவுக்கு மரம் வெட்டினா அவனவன் கட்டைக்கு அவனவன் கலரு அடிப்பான், லோடு மாறாம இருக்க. எங்கண்ணனுது செவப்பு. மோசஸுது மஞ்சா. நீலம் என்னுது.

சாரம் கட்டத்தான்னு நானா நெனச்சிக்கினு போன வாரம் புரோக்கருக்குக் குடுத்தேன். இப்ப சாரத்துக்கு எவன் சவுக்கு வாங்குறான், எல்லாம் இரும்பு பைப்பு. தெரியும் எனக்கு. எங்க போவுதுன்னு அவன ஒரு வார்த்த கேக்கல. கேட்டா சொல்லிடுவானே, அதான்.

கயித்த இப்பிடி குடு, நான் கட்றேன்.