இரண்டு பேர் அளந்த வளைவு

கற்பிட்டி பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு மீனவர்கள் இருந்தார்கள், ஒருவர் நெட்டை, மற்றவர் கட்டை. மாதா திருநாளுக்காகக் கூலி வாங்காமல் கோயில் வாசலில் இரும்பு வளைவு செய்து முடித்திருந்தார்கள்.

"மச்சான், வளைவு குடிச்சவன் மாதிரி சரிஞ்சு நிக்குது" என்றார் நெட்டை.

"நிக்கும்தானே. ஒரு கால் நீ கைய விரிச்சு ரெண்டு பாகம் அளந்து வெட்டினது. மற்றது நான் அளந்தது."

"அப்ப உன்ட கைதான் கட்டை."

"வலைக்கும் இந்தக் கையாலதானே அளக்கிறன். எந்த மீனும் குறை சொல்லல்ல."

"ஃபாதர் அளக்கிறதுக்கு டேப் ஒண்டு தந்தாரே?"

"தந்தார். அத கட்டைக் காலுக்குக் கீழ வச்சு அண்டை குடுத்திருக்கிறன்."

நெட்டை அவர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மாதாவுக்குப் பூப்போட, சம்மனசு வேசம் போட்ட பிள்ளைய அதிலயிருந்துதானே கயித்தில இறக்கப் போறம்?"

"ஓம். பயப்படாத, நல்ல மெலிஞ்ச பிள்ளையாம்."

என் மடியில், நாளை என் மகள் வானதூதராக அணியப்போகும் சம்மனசுச் சிறகுகளும், அவளுக்கு வாங்கிய அரைக் கிலோ தொதல் இனிப்பும் இருந்தன. பொதியைப் பிரித்து, தொதலை நானே சாப்பிடத் தொடங்கினேன்.